ராணுவப் பயிற்சிப் பள்ளிகளை மேம்படுத்த எங்கிருந்து தொடங்க வேண்டும்?

ஒரு நாட்டின் ராணுவம் தன் பயிற்சிப் பள்ளிகளின் தரத்தை உயர்த்த விரும்பினால் முதலில் எதை மாற்ற வேண்டும் என்பது கேள்வி. சிறு ஆயுதப் பயிற்சியில் சில ஆண்டுகள் பயிற்றுநராக இருந்தவன் என்ற முறையில் என் பதிலை நேராகவே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்குப் பயிற்றுநராக யாரை அனுப்புகிறார்கள், அந்தப் பணியை முடித்துத் திரும்பும்போது அவருக்கு என்ன கிடைக்கிறது என்ற இரண்டையும் சரிசெய்யாதவரை, பாடத்திட்டத்தையோ கட்டடங்களையோ மாற்றிப் பெரிய பயன் எதுவும் விளையாது.

பள்ளிக்கு ஒரு சார்ஜென்டை அனுப்புங்கள் என்று தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தால், படைப்பிரிவின் தளபதி தன் கையில் உள்ள மிகச் சிறந்தவரை விட்டுக்கொடுக்க மாட்டார். ஓய்வுக்குக் காத்திருப்பவர், உடல்தகுதி குறைந்தவர், யாருடனும் ஒத்துப்போகாதவர் ஆகியோரில் ஒருவரது பெயர்தான் பெரும்பாலும் பட்டியலில் இடம்பெறும். தளபதியைக் குறை சொல்வதற்கில்லை. அவருடைய மதிப்பீடு அவருடைய பிரிவின் செயல்பாட்டைப் பொறுத்தது. பதவி உயர்வுக் குழுவும் பள்ளியில் கழித்த ஆண்டுகளைப் படையில் கழித்த ஆண்டுகளுக்குச் சமமாக எண்ணாவிட்டால், திறமையானவர்கள் தாங்களாகவே அந்தப் போஸ்டிங்கைத் தவிர்ப்பார்கள். எனவே மதிப்பீட்டில் மேல்வரிசையில் உள்ளவர்கள் மட்டுமே பயிற்றுநராகலாம், பணிக்காலம் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளைத் தாண்டக்கூடாது, அடுத்த பதவி உயர்வில் அந்தக் காலத்துக்குத் தனி மதிப்பு உண்டு என்ற மூன்று விதிகளையும் எழுத்தில் கொண்டுவந்து, விலக்கு அளிக்கும் அதிகாரத்தை யாருக்கும் கொடுக்காமல் இருக்க வேண்டும்.

நல்ல பயிற்றுநருக்கும் ஒப்புக்கு வந்தவருக்கும் உள்ள வேறுபாட்டைச் சுடுதளத்தில் ஒரு காலைப்பொழுதிலேயே பார்த்துவிடலாம். புதிய வீரர் ஒருவரின் குறி தொடர்ந்து தவறினால், ஒப்புக்கு வந்தவர் கையேட்டில் உள்ளதையே இன்னும் உரக்கச் சொல்வார். தேர்ந்தவர் தோட்டாக்கள் அடைக்கும் மேகசினை வாங்கி, உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே, எந்த இடத்தில் என்று வீரருக்குத் தெரியாதபடி, ஒன்றிரண்டு வெடிக்காத டம்மி தோட்டாக்களை வைத்துத் திருப்பித் தருவார். டம்மியின் முறை வரும்போது வெடிச்சத்தமும் இல்லை, பின்னுதைப்பும் இல்லை. ஆனாலும் விசையை அழுத்திய நொடியில் குழல்முனை சற்றுத் தாழ்வதும், கண்கள் இறுக மூடுவதும் அருகில் படுத்திருப்பவருக்குத் தெளிவாகத் தெரியும். வெடிக்கும் முன்பே தன் உடல் அஞ்சிச் சுருங்குகிறது என்பதை வீரர் தானே உணர்ந்துகொள்வார். அதன்பின் திருத்துவது எளிது. இந்த முறை பழையது, செலவில்லாதது; ஆனால் பக்கத்தில் படுத்துக் கவனிக்கப் பொறுமை உள்ள ஒருவர் வேண்டும்.

இதைப் பெரிய அளவில் காட்டிய முன்னுதாரணங்கள் உண்டு. வியட்நாம் போரின் முதல் பகுதியில் அமெரிக்கக் கடற்படை, வான்சண்டையில் தன் விமானம் ஒன்றை இழந்து எதிரியின் விமானங்களில் இரண்டு அல்லது இரண்டரை என்ற விகிதத்திலேயே வீழ்த்த முடிந்தது. இதற்கான காரணங்களை ஆராய்ந்து கேப்டன் ஃபிராங்க் ஆல்ட் தயாரித்த அறிக்கையைத் தொடர்ந்து 1969 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் மிராமர் தளத்தில், விமானிகளுக்கு வான்சண்டை கற்பிக்கும் டாப் கன் பள்ளி தொடங்கியது. கைவிடப்பட்ட ஒரு டிரெய்லர்தான் அதற்குக் கிடைத்த இடம். 1972இல் வான்சண்டை மீண்டும் தீவிரமானபோது அந்த விகிதம் ஏறத்தாழ 12க்கு 1 என உயர்ந்தது. இடைக்காலத்தில் ஏவுகணைகளின் பராமரிப்பும் மேம்பட்டதால் முழுப் பெருமையையும் பள்ளிக்கே கொடுக்க முடியாது. எனினும் ஸ்குவாட்ரன்கள் எனப்படும் விமானப் பிரிவுகளின் தேர்ந்த விமானிகளை அழைத்து, சில வாரங்கள் பயிற்சியளித்து, அவர்களையே தத்தம் ஸ்குவாட்ரனுக்குப் பயிற்சி அதிகாரிகளாகத் திருப்பி அனுப்பிய ஏற்பாடு எந்த ராணுவமும் பின்பற்றத்தக்கது.

பாடம் நடத்தும் முறைக்கு, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ஜார்ஜ் மார்ஷலைச் சொல்வேன். 1920களில் சீனாவின் தியென்சின் நகரில் நடந்த ஒரு போர் ஒத்திகையில், வெறும் 70 வீரர்களை வைத்து எதிரியின் பக்கவாட்டைத் தாக்க வேண்டிய அதிகாரி ஒருவர், அதற்கான எழுத்துபூர்வ உத்தரவைத் தயாரிக்க முடியாமல் ஒரு கால்வாய் ஓரத்தில் திணறிக்கொண்டிருந்ததை அவர் கண்டார். அந்த அதிகாரி அமெரிக்காவின் பென்னிங் காலாட்படைப் பள்ளியில் முதலிடம் பெற்றவர். 1927 இறுதியில் அதே பள்ளியின் கல்விப் பொறுப்பு மார்ஷலிடம் வந்தபோது, நீண்ட உத்தரவுகளைச் சுருக்கினார். அரைகுறைத் தகவலையும் குறையுள்ள வரைபடத்தையும் கொடுத்து, சில நிமிடங்களில் முடிவெடுக்கச் சொல்லும் பயிற்சிகளைப் பெருக்கினார். பள்ளியின் அதிகாரபூர்வ விடையிலிருந்து மாறுபட்டாலும் சுயசிந்தனையைக் காட்டும் விடைகளை வகுப்பு முழுவதற்கும் தெரிவிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டார். பின்னாளில் இரண்டாம் உலகப் போரில் தளபதிகளாக இருந்த ஓமர் பிராட்லி, ஜோசஃப் ஸ்டில்வெல் போன்றவர்கள் அங்கே அவருக்குக் கீழ் பயிற்றுநர்களாக இருந்தார்கள். அவர் பொறுப்பில் இருந்த 1932 வரையான காலத்தில் அங்கே படித்தவர்களிலும் கற்பித்தவர்களிலும் ஏறத்தாழ 200 பேர் பின்னாளில் ஜெனரல்களானார்கள்.

அடுத்தது மதிப்பீடு. பயிற்றுவித்தவரே தேர்வு வைத்துத் தேர்ச்சியும் வழங்கினால், தேர்ச்சி விகிதம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். ஆள்சேர்ப்பு திடீரென்று கூடும் ஆண்டுகளில் பயிற்சி வாரங்கள் குறைக்கப்படும்போது, முதலில் வெட்டுப்படுவது இரவு நேரத் துப்பாக்கிப் பயிற்சியும் களப் பயிற்சியும்தான். நிறைவு விழாவின் அணிவகுப்புக்கு விருந்தினர்கள் வருவதால் அதன் ஒத்திகையை யாரும் தொடமாட்டார்கள். பள்ளியின் அதிகாரத்துக்கு உட்படாத தனிக்குழு தேர்வு நடத்த வேண்டும். ஆறு மாதம் கழித்து, அந்த வீரர்களைப் பெற்றுக்கொண்ட படைப்பிரிவிடம், எதையெல்லாம் மறுபடி முதலிலிருந்து கற்பிக்க நேர்ந்தது என்ற கேள்வியைக் கேட்டு, அந்தப் பதிலைப் பள்ளித் தலைவரின் மதிப்பீட்டு அறிக்கையில் சேர்க்க வேண்டும்.

கடுமை குறித்தும் சொல்ல வேண்டும். 1956 ஏப்ரல் 8 அன்று அமெரிக்க மரைன் படையின் பாரிஸ் தீவுப் பயிற்சி மையத்தில், ஒழுங்கு கற்பிப்பதாக எண்ணி இரவில் புதிய வீரர்களை நீரோடைக்குள் ஒரு பயிற்றுநர் நடத்திச் சென்றதில் 6 பேர் மூழ்கி இறந்தார்கள். அதன்பின் பயிற்றுநர்களின் மேல் அதிகாரிகளின் நேரடிக் கண்காணிப்பு கூட்டப்பட்டது. பயிற்சியின் கடுமை கைவிடப்படவில்லை. வேண்டியது அதுதான்: எந்தப் பயிற்சி எவ்வளவு கடினம், யாருடைய அனுமதியுடன் என்பது முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும், புகார் செல்லும் வழியும் அந்தப் பயிற்றுநரைத் தாண்டியதாக இருக்க வேண்டும்.

சிமுலேட்டர்கள் தோட்டாவையும் எரிபொருளையும் மிச்சப்படுத்தும், வாங்கலாம். ஆனால் அவற்றைப் பழுதுபார்க்கும் ஆட்களையும் சேர்த்தே ஒப்பந்தம் போடாவிட்டால் இரண்டாம் ஆண்டிலேயே உறைபோட்டு மூடிவைக்கப்படும்.

இவற்றில் மிகக் கடுமையான எதிர்ப்பு, மேல்வரிசையில் உள்ளவர்கள் மட்டுமே பயிற்றுநராகலாம் என்ற முதல் விதிக்குத்தான் வரும், அதுவும் படைப்பிரிவுத் தளபதிகளிடமிருந்து. தங்கள் சிறந்த சார்ஜென்ட் பள்ளிக்குப் புறப்படும் முன்பே மாற்று ஆள் வந்து சேர்வார் என்பதையும், பணிக்காலம் முடிந்ததும் அதே சார்ஜென்ட் தங்களிடமே திரும்புவார் என்பதையும் போஸ்டிங் ஆணையிலேயே குறிப்பிட்டுவிட்டால், அந்த எதிர்ப்பில் பாதி அடங்கிவிடும் என்பது என் கணிப்பு.