விலை ஒப்பிட்டு வாங்கியும் கணக்கு ஏறுவது ஏன்?

கேள்வி: எதை வாங்கினாலும் இரண்டு பேரங்காடி, இரண்டு செயலி என்று விலை பார்த்துவிட்டு, இருப்பதில் மலிவானதைத்தான் வாங்குகிறேன். அப்படியும் தீபாவளி மாதத்தில் பணம் கையில் நிற்பதில்லை. சமீபத்தில் 399 வெள்ளி மிக்ஸியை 189 வெள்ளிக்கு வாங்கினேன். பழைய மிக்ஸியும் நன்றாகத்தான் ஓடுகிறது. எங்கே தவறுகிறேன்? – வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: 210 வெள்ளி மிச்சம் என்று மனம் கணக்குப் போடுகிறது. ஆனால் கையை விட்டுப் போனது 189 வெள்ளி. வந்த மிச்சம் என்று எதுவும் இல்லை. விலையை ஒப்பிட்டால் இவற்றில் எது மலிவு என்பது தெரியும். இது இப்போது தேவையா, தேவையென்றால் எவ்வளவு வரை கொடுக்கலாம் என்பது தெரியாது. அதோடு, நீங்கள் ஒப்பிட்டுப் பார்த்த அந்த 399 என்பது விற்பவர் போட்ட எண்.

பொருளைப் பயன்படுத்துவதில் கிடைக்கும் நிறைவு வேறு, மலிவாகக் கிடைத்ததே என்ற நிறைவு வேறு என்று 1985-இல் பிரித்துக் காட்டினார் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர் (2017-இல் நோபல் பரிசு பெற்றவர்). இரண்டாவது நிறைவுக்காகவே வாங்கிய பொருள்கள்தான் அலமாரியில் பெட்டி பிரிக்காமல் கிடக்கின்றன.

முதலில் கண்ணில் பட்ட எண் மனத்தை எவ்வளவு இழுக்கும் என்பதை 1974-இல் உளவியலாளர்கள் டிவர்ஸ்கியும் கானமனும் எழுதினார்கள். 10 அல்லது 65-இல் மட்டும் நிற்கும்படி அமைத்த சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை விழுக்காடு என்று கேட்டார்கள். 10-ஐப் பார்த்தவர்களின் நடு மதிப்பீடு 25. 65-ஐப் பார்த்தவர்களுக்கு 45. சம்பந்தமே இல்லாத எண்ணுக்கே இந்த இழுப்பு என்றால், பொருளின் மேலேயே கோடு போட்டு அடித்த விலைக்கு எவ்வளவு இருக்கும்!

புடவைக் கடையில் இதை நேரிலேயே பார்க்கலாம். மஸ்ஜிட் இந்தியாவிலோ பிரிக்பீல்ட்ஸிலோ உட்கார்ந்ததும் முதலில் 480 வெள்ளிப் பட்டு விரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து 350. மூன்றாவதாக வரும் 260 வெள்ளிப் புடவை "பரவாயில்லையே" என்று தோன்றும். நீங்கள் நினைத்து வந்தது 180 என்பது அந்த நேரத்தில் நினைவில் இருக்காது. ஆகவே ஒரு புடவையும் விரியும் முன்பே, "அண்ணே, 180-க்குள்ள மட்டும் எடுத்துக் காட்டுங்க" என்று சொல்லிவிடுங்கள். கூச்சப்பட வேண்டியதே இல்லை. வரிசையை நீங்கள் தொடங்கிவைத்தால் ஒப்பீடும் உங்கள் எண்ணிலிருந்தே தொடங்கும்.

செயலியில் பொறி வேறு மாதிரி. 28 வெள்ளிப் பொருளுக்கு அனுப்பும் கட்டணம் 4.90, 40 வெள்ளிக்கு வாங்கினால் இலவசம். உடனே 13 வெள்ளிக்கு இன்னொன்றைக் கூடையில் போடுகிறோம். 32.90-இல் முடிந்திருக்க வேண்டியது 41 ஆகிறது. 4.90-ஐ மிச்சப்படுத்த 8.10 கூடுதல்.

பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்பதும் பாதி உண்மைதான். கால் கிலோ மீன் கறித்தூள் 6.50, ஒரு கிலோ 21 வெள்ளி என்றால் 100 கிராம் 2.60, 2.10 என்று வரும், பெரியதுதான் மலிவு. ஆனால் வாரத்துக்கு 60 கிராம் செலவாகும் வீட்டில் ஒரு கிலோ தீர நான்கு மாதம் பிடிக்கும். வாசம் போய் 400 கிராமை வீசினால், உண்மையில் 100 கிராமுக்கு 3.50 கொடுத்திருக்கிறீர்கள். எடையால் வகுக்காதீர்கள், தீர்க்கப்போகும் அளவால் வகுத்துப் பாருங்கள்.

பெரிய பொருளோடு ஒட்டி வரும் சின்னச் செலவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2,400 வெள்ளி ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் 250 வெள்ளிக் கூடுதல் உத்தரவாதம் சில்லறையாகத் தெரியும். அதே 250-ஐத் தனியாகக் கேட்டிருந்தால் இரண்டு நாள் யோசித்திருப்பீர்கள். எனவே அதை அன்றைக்கே முடிவு செய்யாமல், தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் எத்தனை ஆண்டு, எந்தப் பாகத்துக்கு என்று படித்த பிறகு கேளுங்கள்.

இனி வாங்கும் முன் ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள்: என்ன பொருள், எதற்கு, எப்போதைக்குள் தேவை, அதிகபட்சம் எவ்வளவு. செயலியைத் திறக்கும் முன் எழுத வேண்டும், பிறகு எழுதினால் பயனில்லை. ஒப்பிடும்போது மாடல் எண் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். மிக்ஸியில் ஒரு ஜார் குறைந்தாலும் அது வேறு பொருள். அனுப்பும் கட்டணத்தையும், நேரில் போனால் பெட்ரோல், டோல், பார்க்கிங்கையும் கூட்டிக்கொள்ளுங்கள். நவம்பர் 11-இல் வரும் 11.11 போன்ற இணைய மலிவு விற்பனைக்கு ஒரு மாதம் முன்பே, பொருளின் விலை இருக்கும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விலையை ஏற்றிவிட்டுக் குறைத்தார்களா என்பது அதில் தெரிந்துவிடும். மளிகைச் சாமான் விலைக்கு உள்நாட்டு வாணிப அமைச்சின் பிரைஸ்கேட்சர் செயலி இருக்கிறது.

பழைய விலை என்று பொய்யாகப் போட்டு ஏமாற்றியிருந்தால் விட்டுவிடாதீர்கள். விலையைப் பற்றித் தவறான எண்ணம் தருவதை 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு தடை செய்கிறது. ரசீதையும் அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து அமைச்சிடம் புகார் செய்யலாம். பணத்தைத் திரும்பப் பெறப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை ஏற்கும், மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளிதான்.