டயட் சார்ட் எழுதுவதற்கு முன் – கடிதம்

வணக்கம். நான் மருத்துவமனை ஒன்றில் உணவியல் நிபுணர். சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதித் தரும் டயட் சார்ட்டைப் பலரும் பின்பற்றுவதே இல்லை. அவர்களுடைய வசதியையும் சாப்பாட்டுப் பழக்கத்தையும் கேட்டு எழுதலாமே என்றால், "சத்துக்கணக்குதான் நம் வேலை, வறுமையை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்கிறார் சீனியர். உங்கள் கருத்து?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சீனியர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வறுமையை ஒழிப்பது நம் கையில் இல்லைதான், ஆனால் அது நோயாளியின் உடம்பில் என்ன செய்கிறது என்று பார்ப்பது நம் வேலையேதான். கலிபோர்னியா மருத்துவமனைகளின் 2000 முதல் 2008 வரையான பதிவுகளை அலசிய ஓர் ஆய்வு, சர்க்கரை தாழ்ந்துபோய் அட்மிட் ஆகும் ஏழைகள் மாதத்தின் முதல் வாரத்தைவிடக் கடைசி வாரத்தில் 27 சதவீதம் அதிகம் என்று கண்டது. வசதியானவர்களிடம் அப்படி ஏற்றமில்லை. கைக்காசு தீர்ந்து சாப்பாடு பாதியாகும்போதும் இன்சுலின் பழைய அளவிலேயே ஏறினால் வேறென்ன நடக்கும்?

அதனால் முதலில் கேளுங்கள். கடந்த 12 மாதங்களில், அடுத்த பணம் வருவதற்குள் சாப்பாட்டுச் சாமான் தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டீர்களா, நிஜமாகவே தீர்ந்துபோய் வாங்க முடியாமல் இருந்தீர்களா? பல இடங்களில் பயன்பாட்டில் இருக்கும் கேள்விகள்தான் இவை. ஆளைப் பார்த்துக் கேட்காமல் வருகிற எல்லோரிடமும் கேட்டால் யாரும் கூச்சப்பட மாட்டார்கள். அப்புறம் யார் சமைக்கிறார்கள், நைட் ஷிப்டா, மிச்சத்தை எடுத்துவைக்க ஃப்ரிட்ஜ் உண்டா என்பதும் தெரிய வேண்டும்.

பண்பாடு விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். இன்ன மதம், இன்ன சமூகம், அதனால் இதைத்தான் சாப்பிடுவார் என்று அச்சடித்த தாளை நீட்டுவதும் ஒருவகை அலட்சியம்தான். ஒரே வீட்டில் மாமியாரும் மருமகளும் வேறு வேறு விதமாகச் சாப்பிடுவார்கள். 1998-ல் டெர்வலோன், முர்ரே-கார்சியா என்ற இரு மருத்துவர்கள், பிறர் பண்பாட்டைக் கரைத்துக் குடித்துவிட்டோம் என்று நினைக்காமல் கடைசிவரை கேட்டுக் கற்கிற பணிவு வேண்டும் என்று எழுதினார்கள். நேற்று காலையிலிருந்து என்ன சாப்பிட்டார் என்று கேட்டு, அந்தத் தட்டிலேயே எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்று பாருங்கள்.

கேஸ் ஷீட்டில் "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிவிட்டால், அதைப் படிக்கிற டாக்டர் மருந்தைக் கூட்டிவிடுவார். "மாதக் கடைசியில் ஒருவேளைதான் சாப்பிடுகிறார்" என்று எழுதுங்கள், டாக்டரிடம் நேரிலும் சொல்லுங்கள். டோஸை மாற்ற வேண்டியவர் அவர்தான்.