ஓ.டி., அட்டெண்டன்ஸ், அரியர்: விளையாட்டு மாணவர்கள் கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரக் கல்லூரி விளையாட்டு மாணவர்களும் பெற்றோரும் கேட்டவை. பதில் சொல்பவர் கல்லூரி உடற்கல்வி இயக்குநர்.

மஞ்சக்குப்பம், வாலிபால்: அண்ணா பல்கலை இணைப்புக் கல்லூரி சார். பல்கலை அணியின் பயிற்சி கேம்ப், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான சவுத் சோன், ஆல் இந்தியா போட்டிகள் மூன்றுக்கும் போனால் பரீட்சை எழுத விடுவார்களா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். 75 சதவீதத்துக்கு 68 நாள் வர வேண்டும். கேம்ப் 10, சவுத் சோன் பயணத்தோடு 7, ஆல் இந்தியா 8 என்றால் 25 நாள் போகிறது. மிச்சம் 65 நாள், அதாவது 72 சதவீதம். 65-லிருந்து 74 சதவீதம் வரை உள்ளவர்கள் விளையாட்டுச் சான்றிதழை முதல்வர் கையெழுத்தோடு கொடுத்தால் எழுதலாம் என்று விதியில் இருக்கிறது. அதனால் போட்டி உங்களைக் கவிழ்க்காது. அதற்கு மேல் போடும் லீவுதான் கவிழ்க்கும். இன்னும் 6 நாள் லீவு தாங்கும், 7-ஆவது நாள் 64 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அப்புறம் எந்தச் சான்றிதழும் உதவாது.

இன்னொரு சிக்கல் தேதியில் வரும். பங்கேற்புச் சான்றிதழில் ஆட்டம் நடந்த நாள் மட்டும்தான் இருக்கும். கேம்புக்கும் ரயிலுக்கும் போன நாளுக்குத் தாள் இருக்காது. பல்கலைக்கழக விளையாட்டுத் துறையிடம் கேம்ப் தேதி போட்ட கடிதம் தனியாக வாங்குங்கள். ஓ.டி. (ஆன் டியூட்டி, கல்லூரி வேலையாகப் போகிறேன் என்ற அனுமதி) கடிதத்தைக் கிளம்புவதற்கு முன்பே துறைத்தலைவரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள்.

நெய்வேலி, ஹாக்கி: ஓ.டி. இருந்தும் இன்டர்னலில் பூஜ்யம் போட்டுவிட்டார்கள்.

ஓ.டி. வருகையைத்தான் காப்பாற்றும், மதிப்பெண்ணைத் தராது. மறுதேர்வு வேண்டும் என்று அதே கடிதத்தில் ஒரு வரி சேர்த்து, போகும் முன்பே கொடுத்திருக்க வேண்டும். லேப் என்றால் வேறு பேட்சோடு சேர்ந்து அந்த எக்ஸ்பெரிமென்ட்டை முடித்து, ரெக்கார்டில் கையெழுத்து வாங்குங்கள். கடைசி வாரத்தில் ஐந்து எக்ஸ்பெரிமென்ட்டுக்கு ஒன்றாகக் கையெழுத்து போட யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

பண்ருட்டி, கோகோ: மூன்று அரியர். பல்கலை அணியில் ஆடலாமா?

இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் மதிப்பெண் கேட்பதில்லை. முழுநேர ரெகுலர் மாணவரா, ஜூலை 1 அன்று வயது 17-க்கும் 25-க்கும் இடையிலா, ப்ளஸ் டூ முடித்து எட்டு கல்வியாண்டு தாண்டவில்லையா, இவ்வளவுதான். உங்கள் கல்லூரி தனி விதி வைத்திருந்தால் அது வேறு.

விருத்தாசலம்: தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. படிக்கிறேன்…

ஆட முடியாது.

லாஸ்பேட்டை, நீச்சல் வீராங்கனையின் தாய்: பெண் பத்தாவது படிக்கிறாள். அமெரிக்காவில் ஸ்காலர்ஷிப்போடு சேர மார்க் எவ்வளவு வேண்டும்?

அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்புதான் வாசலில் நிற்கிறது. அதன் முதல் டிவிஷன் கல்லூரிகளுக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் 16 முக்கியப் பாடங்கள் காட்ட வேண்டும். ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, சமூக அறிவியல் 2, ஆங்கிலம்-கணிதம்-அறிவியலில் இன்னொன்று, மீதி 4 இவற்றிலிருந்தோ வேற்றுமொழியிலிருந்தோ வரலாம். இவற்றின் கிரேடு சராசரி 4-க்கு 2.3 வேண்டும். இரண்டாம் டிவிஷனுக்கு 2.2 போதும். எஸ்.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வு மதிப்பெண் கட்டாயம் என்பதை 2023-இல் எடுத்துவிட்டார்கள், கல்லூரி தனியாகக் கேட்கலாம்.

ப்ளஸ் ஒன்னில் கணக்கே இல்லாத பிரிவு எடுத்தால் சிக்கல். ஒன்பது, பத்து சேர்ந்தாலும் கணக்கு இரண்டு வருஷம்தான், மூன்றாவது வருஷத்துக்கு எங்கே போவீர்கள்? முடிவு இப்போதே எடுங்கள். ஒன்பதாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் பள்ளியில் முத்திரையோடு வாங்கி வையுங்கள். பொதுத்தேர்வு இல்லையே என்று அதைத் தொலைத்துவிடுகிறார்கள். ப்ளஸ் டூ முடித்து வருஷக்கணக்கில் இங்கேயே போட்டி ஆடிக்கொண்டிருந்தால் அங்கே ஆடும் பருவம் குறையும்.

சிதம்பரம், ஓய்வுபெற்ற பேராசிரியர்: வாசலில் 2.3 கேட்பதெல்லாம் கண்துடைப்பு. உள்ளே போனபின் அங்கே யார் படிக்கிறார்கள்?

வாசலோடு விடுவதில்லை ஐயா. இரண்டாம் வருஷ முடிவில் பட்டப்படிப்பின் 40 சதவீதம், மூன்றாவதில் 60, நான்காவதில் 80 முடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் களத்தில் இறங்க முடியாது. அணிக்கும் தண்டனை உண்டு. அணி மாணவர்கள் படிப்பில் எப்படி என்பதற்கு 1000-க்கு 930 புள்ளி என்று ஒரு கணக்கு. 2011-இல் கூடைப்பந்து சாம்பியனான கனெக்டிகட் பல்கலைக்கழகம், 2013-இல் அந்தக் கணக்கில் தவறி நாக்அவுட்டுக்கே போகவில்லை.

பேராசிரியர்: வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! நடக்காத வகுப்புக்கு கிரேடு போட்டார்கள்.

சரிதான். 18 வருஷம், 3,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள், ஏறக்குறைய பாதி விளையாட்டு வீரர்கள். விளையாடாதவர்களும் அந்த வகுப்பில் இருந்தார்கள் என்பதால் 2017-இல் என்.சி.ஏ.ஏ. தண்டிக்கவும் இல்லை. சதவீதம் வைத்தால் சதவீதத்துக்கு ஏற்ற பாடத்தைத் தேடிக்கொடுக்க ஆள் வந்துவிடுவான்.

பாகூர், கபடி வீரரின் தந்தை: அப்படியானால் இங்கே விதி வேண்டாம் என்கிறீர்களா? என் பையன் காலை ஐந்து மணிக்கு மைதானத்தில் நிற்கிறான். மாலையும் அப்படியே. ஐயா அவனுக்கு 40 சதவீதம் வைப்பாராம்!

பேராசிரியர்: வைத்தால்தான் கல்லூரி அவனுக்கு டியூஷன் ஏற்பாடு செய்யும். இப்போது கோப்பை வாங்கியதும் மறந்துவிடுகிறார்கள்.

இந்த இடத்தில் நான் பேராசிரியர் பக்கம். அமெரிக்க விதியில் எனக்குப் பிடித்தது சதவீதம் இல்லை, மாணவன் தவறினால் அணியும் புள்ளி இழக்கும் என்பது. இங்கே பையன் அரியரில் கிடந்தால் அணிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பயிற்சியாளர் கவலைப்பட எதுவும் இல்லை. ஆனால் மைதானத்துக்கும் வகுப்புக்கும் நேரம் மோதாதபடி அட்டவணை போடாமல் அந்த விதியை மட்டும் இறக்குமதி செய்தால், பாகூர்க்காரர் கோபப்படுவதில் தப்பில்லை.

வில்லியனூர்: ஓ.டி. லெட்டர் போட்டி முடிந்து வந்து வாங்கினால் போதுமா?

முதல் பதில்.

கடலூர் முதுநகர்: சார், ஓ.டி. கடிதம் எப்போது…

கிளம்புவதற்கு முன். முன். முன்.

திருப்பாதிரிப்புலியூர், தடகளம்: மத்திய அரசு வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் விண்ணப்பிக்க, கல்லூரி பி.டி. சார் கையெழுத்து போட்ட சான்றிதழ் செல்லுமா?

செல்லாது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்றால் படிவம் 3, அதில் பல்கலைக்கழக விளையாட்டுத் துறை இயக்குநரோ பொறுப்பு அதிகாரியோ கையெழுத்திட வேண்டும். படித்து முடித்துப் போகும்போதே வாங்குங்கள். பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர் மூன்றும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று கவுன்டரை விட்டு நகரும் முன் பாருங்கள்.