காலி செய்யச் சொல்லி வழக்கு வந்தால் வாடகைதாரர் என்ன வாதிடலாம்?

"இரண்டு மாத வாடகை பாக்கி, வீட்டுக்காரர் வழக்கு போட்டுவிட்டார், இனி காலி செய்வதைத் தவிர வழியில்லையா?" என்பது கேள்வி. வழி இருக்கிறது.

முதலில் நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். வழக்குக்கு முன்பே எழுத்தில் நோட்டீஸ் தந்து, சட்டம் சொல்லும் அவகாசம் முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் விதி. நாள் குறைவு, பாக்கித் தொகை தப்பு, முறையாகச் சேர்ப்பிக்கவில்லை என்று ஏதாவது ஒன்று இருந்தாலே வழக்கு தள்ளுபடியாகலாம். ஆனால் வீட்டுக்காரர் சரியான நோட்டீஸோடு திரும்ப வரலாம். உங்களுக்குக் கிடைப்பது அவகாசம்தான். அதுவும் சின்ன விஷயமில்லை. அதற்குள் பாக்கியைப் புரட்டிவிடலாம். முழு பாக்கியையும் கட்டினால் வழக்கு முடிந்துவிடும் சட்டங்களும் உண்டு.

நோட்டீஸுக்குப் பிறகும் வாடகையை வாங்கிக்கொண்டாரா? அப்படியானால் நோட்டீஸை அவரே கைவிட்டார் என்று சில இடங்களில் வாதிடலாம். ரசீது முக்கியம்.

கூரை ஒழுகுகிறது, பழுது பார்க்கவில்லை என்பதும் சில இடங்களில் எடுபடும், முன்பே எழுத்தில் சொல்லியிருந்தால். அதற்காக வாடகையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், அது வம்பு. புகார் கொடுத்ததற்குப் பழிவாங்குவது, மதம் இனம் பார்த்து வெளியேற்றுவது ஆகியவையும் பல இடங்களில் எதிர்வாதங்களே.

அப்புறம், நீதிமன்ற உத்தரவில்லாமல் பூட்டை மாற்றுவதும் மின்சாரத்தைத் துண்டிப்பதும் பெரும்பாலான இடங்களில் சட்டவிரோதம்.

எந்த வாதமானாலும் பதில் மனுவைக் கெடுவுக்குள் கொடுங்கள். ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்துவிடலாம்.