ஈரல் புழு இருக்கட்டும், அந்த வீக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 34, சொந்த ஊர் தஞ்சாவூர். இரண்டு ஆண்டுகளாகத் தாய்லாந்தின் கோன் கேன் நகரில் வேலை. இங்குள்ள சந்தையில் எதைப் பார்த்தாலும் வாங்கிச் சாப்பிட்டுப் பார்ப்பேன்: பொரித்த பட்டுப்புழு, இளஞ்சிவப்பு ஓடு போட்ட முட்டை, பன்றி இரத்தக் கட்டி மிதக்கும் நூடுல்ஸ், பிளா ரா என்ற புளித்த மீன் சாறு ஊற்றிய சோம் தாம் (பப்பாளிக்காய் சாலட்). இரண்டு மாதம் முன்பு, சந்தையில் உயிரோடு வாங்கிய விராலைப் பச்சையாகக் கொத்தி, எலுமிச்சை பிழிந்து, கோய் பிளா என்று நண்பர் வீட்டில் கொடுத்தார்கள். மறுக்க முடியவில்லை. இந்தப் பகுதி மீனில் ஈரல் புழு உண்டு, அது புற்றுநோயாக மாறும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமில்லை. மாதம் ஒரு அல்பெண்டசோல் புழு மாத்திரை போட்டுக்கொள்கிறேன். ஐஸ், ஃபார்மலின் பற்றியும் பயம். மற்றபடி உடம்பு நன்றாகவே இருக்கிறது. போன மாதம் வலது முன்கையில் ஒரு வீக்கம் வந்து அரித்தது. ஒரு வாரத்தில் மறைந்து, இப்போது தோள் பக்கம் வந்திருக்கிறது. மருந்துக் கடையில் கொடுத்த அலர்ஜி மாத்திரை சாப்பிட்டால் கொஞ்சம் பரவாயில்லை. எனக்குப் புற்றுநோய் வருமா?

பதில்: ‘மற்றபடி நன்றாகவே இருக்கிறது’ என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே போகிறபோக்கில் சொன்னீர்களே, இடம் மாறும் வீக்கம், அதற்காக இந்த வாரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது புற்றுநோய் பயம். அதை முதலில் முடித்துவிடுவோம். இல்லாவிட்டால் நான் சொல்லும் மற்றது உங்கள் காதில் ஏறாது.

நீங்கள் படித்தது பொய்யில்லை. தாய்லாந்தின் வடகிழக்கில், குறிப்பாக நீங்கள் இருக்கும் வட்டாரத்தில், நன்னீர் மீனைப் பச்சையாகத் தின்பவர்களுக்கு ஈரல் புழு வருகிறது. அது பித்தக் குழாய்க்குள் குடியேறி ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே இதைப் புற்றுநோய் உண்டாக்கும் புழு என்று வகைப்படுத்திவிட்டது. ஆனால் பித்தக் குழாய்ப் புற்றுநோயோடு வருகிறவர்கள் யார்? சின்ன வயதிலிருந்து கோய் பிளா தின்று, புழு வந்து, மருந்து சாப்பிட்டு, மறுபடி தின்று, மறுபடி புழு வந்து, இப்படிப் பல பத்தாண்டுகள் ஓட்டியவர்கள். ஒரு நாள் விருந்தில் மரியாதைக்குச் சாப்பிட்டவர் அந்த வரிசையில் நிற்கவில்லை. தவிர, இந்தப் புழு ஒளிந்திருப்பது கெண்டை இனத்துச் சின்ன மீன்களில். நீங்கள் சாப்பிட்டது விரால். கொத்தும்போது கெண்டையும் சேர்ந்திருந்தால் என்ன செய்வது என்று அடுத்த கேள்வி வரும், தெரியும். மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரண்டு மாதம் ஆகிவிட்டதால் புழு இருந்தால் முட்டை தெரியும் காலம்தான். இருந்தால் பிராசிகுவாண்டெல் என்ற மருந்து இருக்கிறது, ஒன்றிரண்டு நாளில் கதை முடிந்துவிடும். புற்றுநோய்ப் பேச்சு இத்தோடு போதும்.

இப்போது வீக்கம். பச்சை நன்னீர் மீன் சாப்பிட்ட ஒருவருக்கு, சில வாரங்கள் கழித்து, ஒரு இடத்தில் வீங்கி, சிவந்து, அரித்து, தானாக வடிந்து, வேறொரு இடத்தில் மறுபடி கிளம்பினால், வேறுவிதமாக நிரூபணம் ஆகும்வரை அது நாத்தோஸ்டோமா புழு என்றுதான் நான் நினைப்பேன். தாய்லாந்தில் இதற்குத் ‘துவா ஜீட்’ என்று பெயர். மருத்துவமனையில் அந்தப் பெயரைச் சொல்லுங்கள், நர்ஸ் உடனே நிமிர்ந்து பார்ப்பார். விரால், விலாங்கு, தவளை, இவற்றின் சதையில் இந்தப் புழுவின் இளம்பருவம் சுருண்டு கிடக்கும். சந்தையில் பிளாஸ்டிக் தொட்டியில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு கிடக்கின்றனவே விலாங்குகள், அவற்றை வாங்கி ஈரலை ஆராய்ந்த தாய்லாந்து ஆய்வாளர்களுக்கு இந்தப் புழு கிடைத்திருக்கிறது. எலுமிச்சை பிழிந்தால் சதை வெந்தது போல வெளுக்கும். புழுவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

இந்தப் புழு வளர்ந்து முட்டை போட வேண்டிய இடம் நாய், பூனையின் இரைப்பை. 1836-ல் ரிச்சர்ட் ஓவன் இதை முதலில் கண்டது லண்டன் மிருகக்காட்சிசாலையில் செத்த ஒரு புலியின் இரைப்பையில்தான். மனித உடம்பு அதற்கு ஒத்துவராது. வளரவும் முடியாமல், வெளியேறவும் வழி தெரியாமல், தோலுக்கடியில் அலைந்துகொண்டே இருக்கும். முன்கையில் இருந்தது தோளுக்கு வந்தது அப்படித்தான் இருக்க வேண்டும். தோலுக்கடியில் அலைவதோடு நின்றால் தொந்தரவு மட்டும்தான். சில பேருக்கு அது கண்ணுக்குள் போகிறது, தண்டுவடத்துக்குள் போகிறது, மூளைக்கும் போகிறது. அது நடக்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதால்தான் இத்தனை அவசரம்.

கவனமாகப் படியுங்கள்: வீக்கம் முகத்துக்கோ இமைக்கோ ஏறினால், கண் சிவந்து பார்வை மங்கினால், இதுவரை வராத கடுமையான தலைவலி வந்தால், முதுகிலிருந்து கையிலோ காலிலோ மின்சாரம் பாய்ந்தது போல வலி இறங்கி அந்தக் கையோ காலோ பலவீனமானால், அன்றைக்கே, இரவானாலும், அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் இந்த வாரத்துக்குள். நீங்கள் இருப்பது கோன் கேன். உங்கள் ஊர்ப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு இந்தப் புழு விவகாரமெல்லாம் பழக்கப்பட்டது. பாங்காக்கில் மகிடோல் பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவத் துறையில் இதற்கான இரத்த எதிர்ப்பொருள் பரிசோதனை உண்டு. இரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளையணுவின் எண்ணிக்கை பார்ப்பார்கள். நம்மூரில் ‘ஈஸ்னோபீலியா’ என்று சொல்வார்களே, அதேதான். அது சரியாக இருந்தால் நோய் இல்லை என்று எழுந்து வந்துவிடாதீர்கள், எண்ணிக்கை கூடாமலும் இந்தப் புழு இருக்கும். வீக்கம் இருக்கும்போதே தேதி தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், மருத்துவமனைக்குப் போகும் நாளில் அது வடிந்திருக்கலாம். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது தஞ்சாவூரில் காட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் வேண்டாம். இங்கே நாங்கள் இதை அபூர்வமாகத்தான் பார்க்கிறோம். பார்த்தவுடன் அலர்ஜி என்று எழுதிக் கொடுக்கும் டாக்டர்கள்தான் அதிகம்.

அப்புறம் உங்கள் அல்பெண்டசோல். யார் சொல்லி மாதம் ஒன்று போடுகிறீர்கள்? ஈரல் புழுவுக்கு உரிய மருந்து அது இல்லை. துவா ஜீடுக்கு அதே மருந்தைத்தான் கொடுக்கிறோம், ஆனால் தினம் இரண்டு வேளை, 21 நாள், இடையில் ஈரல் செயல்பாடும் இரத்த அணுக்களும் பார்த்துக்கொண்டு. மாதம் ஒரு மாத்திரை என்பது இரண்டுக்கும் உதவாத கணக்கு, மனசுக்கு ஒரு ஆறுதல், அவ்வளவே. இதைப் படித்துவிட்டு நீங்களே கடைக்குப் போய் 42 மாத்திரை வாங்கிவிடாதீர்கள், உங்களை மாதிரி ஆட்கள் அதையும் செய்வார்கள். அந்த ‘அலர்ஜி மாத்திரை’ அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள். அதில் பிரெட்னிசோலோன் போல ஏதாவது ஸ்டீராய்டு இருந்தால் டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். வடகிழக்கில் மண்ணிலிருந்து கால் வழியாக ஏறும் இன்னொரு புழுவும் உண்டு. ஸ்டீராய்டு உள்ளே போனால் அது கட்டுக்கடங்காமல் பெருகி ஆளையே சாய்த்துவிடும்.

மற்ற பயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கிளாஸில் போடும், நடுவில் ஓட்டை உள்ள குழாய் ஐஸ் தொழிற்சாலையில் செய்து வருவது, குடியுங்கள். மீன் பெட்டியில் நொறுக்கிப் போடும் ஐஸைப் பொதுவாக உங்கள் கிளாஸில் போட மாட்டார்கள். கணவாய், மாட்டு வயிற்றுத் துணுக்குகள் இவற்றில் ஃபார்மலின் கலக்கிறார்களா என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறை சந்தைகளில் சோதனை நடத்துகிறது. மூக்கைக் குத்தும் வாடை வந்தால் வாங்காதீர்கள். இளஞ்சிவப்பு முட்டையைக் குதிரை மூத்திரத்தில் ஊறவைக்கிறார்கள் என்று உங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்திருக்கும். சுண்ணாம்பு, உப்பு, காரத்தன்மையுள்ள சோடா கலந்த பூச்சில் ஊறும் முட்டை அது. பொரித்த பட்டுப்புழு, இறால் அலர்ஜி இல்லாதவருக்கு ஒன்றும் செய்யாது. காலையில் பொரித்து வெயிலில் வைத்து மாலையில் விற்பதை மட்டும் விட்டுவிடுங்கள், அதில் ஹிஸ்டமின் சேர்ந்து முகம் சிவந்து தலை வலிக்கும். வெந்த இரத்தக் கட்டி சரி. பச்சைப் பன்றி இரத்தம் ஊற்றிப் பிசையும் லாப் என்ற கொத்திறைச்சி மட்டும் வேண்டவே வேண்டாம், அதில் வரும் கிருமி மூளைச்சவ்வு அழற்சி உண்டாக்கி, பிழைத்தவரின் காதையும் கெடுத்துவிடும்.

பிளா ரா? மாதக்கணக்கில் உப்பில் ஊறியது பெரும்பாலும் தொந்தரவு தராது. சந்தேகமாக இருந்தால் கொதிக்கவைத்த பிளா ரா கேளுங்கள், கடைக்காரர்களே தனியாக வைத்திருப்பார்கள். சில நாளே புளிக்கவைக்கும் பிளா சோம் என்ற மீனை மட்டும் பொரித்தோ வேகவைத்தோ சாப்பிடுங்கள்.

விராலை நிறுத்த வேண்டாம். வயிற்றில் எலுமிச்சைப்புல் செருகி, மேலே உப்பைக் கனமாகப் பூசி, கரி அடுப்பில் திருப்பித் திருப்பிச் சுடுகிறார்களே, அதை வாங்குங்கள். முள்ளுக்கு ஒட்டிய சதையும் வெள்ளையாகப் பிரிந்து வந்தால் வெந்துவிட்டது. கண்ணாடி போலிருந்தால் திருப்பிக் கொடுத்து இன்னும் கொஞ்ச நேரம் சுடச் சொல்லுங்கள்.