லாபம் வருகிறது, சனிக்கிழமைக் கூலிக்குப் பணம் இல்லை

கேள்வி: திருப்பூரில் பனியன் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். சென்ற ஆண்டு மாதம் 4 லட்சம் ரூபாய்க்குப் பில் போட்டேன். இப்போது 6 லட்சம். ஆடிட்டரும் லாபம் என்றே சொல்கிறார். ஆனால் வர வேண்டிய பாக்கி 6 லட்சத்திலிருந்து 18 லட்சமாகிவிட்டது. அதில் 12 லட்சம் ஒரே ஏற்றுமதி நிறுவனத்திடம் நிற்கிறது. வங்கியின் 10 லட்ச ரூபாய் சி.சி. (கேஷ் கிரெடிட், தேவைப்படும்போது எடுத்துத் திரும்பக் கட்டும் கடன்) வரம்பும் தீர்ந்து, இரண்டு மாதங்களாகச் சனிக்கிழமைக் கூலிக்கு மைத்துனரிடம் கைமாற்று வாங்குகிறேன். மனைவியின் நகையை அடகு வைத்து இன்னும் நான்கு மெஷின் போட்டால் நிலைமை சீராகுமா?

பதில்: சீராகாது, நகையை இப்போதைக்கு அடகு வைக்க வேண்டாம். ஆடிட்டர் சொல்வதும் பொய்யல்ல. பில் போட்ட அன்றே அது வருமானமாகக் கணக்கில் ஏறிவிடுகிறது, ஆனால் கூலியைப் பணமாகத்தான் கொடுக்க வேண்டும்.

உங்கள் கணக்கையே பாருங்கள். சென்ற ஆண்டுப் பாக்கி ஒன்றரை மாதப் பில்லுக்குச் சமம், அதாவது 45 நாள். இப்போது அது மூன்று மாதம், 90 நாள். பழைய 45 நாள் கெடுவே நீடித்திருந்தால் இன்றைய பாக்கி 9 லட்சமாகத்தான் இருந்திருக்கும். மீதி 9 லட்சத்தை வங்கிக்கு வட்டி கட்டி நீங்கள் வாடிக்கையாளருக்குக் கடனாகக் கொடுத்திருக்கிறீர்கள். நான்கு மெஷின் கூடினால் கூலியும் மின்கட்டணமும் உடனே கூடும், பணமோ மூன்று மாதம் கழித்துத்தான் வரும்.

தொழில் நொடிக்கத் தொடங்குவதை நான் லாப நட்டக் கணக்கில் தேடுவதில்லை. உரிமையாளர் யாருக்குக் கொடுக்க வேண்டியதைத் தள்ளிப்போடுகிறார் என்பதில்தான் தேடுவேன். பெரும்பாலும் முதலில் நூல்கடைக்காரர், பிறகு ஜி.எஸ்.டி., அதன்பின் பி.எஃப்., கடைசியாகக் கூலி. நீங்கள் கூலி வரை வந்துவிட்டீர்கள் என்பதே எனக்குக் கவலை. ஜி.எஸ்.டி. பாக்கி இருந்தால் அதற்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி ஓடும். தொடர்ந்து இரண்டு மாதம் ரிட்டர்ன் போடாவிட்டால் சரக்கு அனுப்பத் தேவையான இ-வே பில்லும் முடங்கலாம்.

சி.சி. கணக்கின் ஆறு மாத ஸ்டேட்மெண்டை எடுத்து, ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் வங்கிக்குத் தர வேண்டிய கடன் எவ்வளவு நிற்கிறது என்று குறித்துப் பாருங்கள். பில் பணம் வரும்போது இறங்கி, கூலி நாளில் ஏறினால் கணக்கு உயிரோடு இருக்கிறது என்று பொருள். வரம்பை ஒட்டியே அசையாமல் நின்றால், அது அன்றாடச் செலவுக்குச் சுழலும் நடைமுறை மூலதனமாக இல்லாமல் நிரந்தரக் கடனாக மாறிவிட்டது.

அடுத்து, அந்த 12 லட்சம். உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) பெற்ற குறு, சிறு உற்பத்தி நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டுவட்டி உண்டு. புகார் கொடுத்தால் ஆர்டர் போய்விடும் என்று நீங்கள் அஞ்சலாம், அது நியாயமானதே. எனவே முதலாளியை விட்டு அவர்களுடைய கணக்காளரிடம் பேசுங்கள்: கெடு தாண்டிய தொகையை மார்ச் 31க்குள் தராவிட்டால் அந்த ஆண்டின் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். பழைய பாக்கியில் பாதியாவது வரும்வரை அவர்களிடம் புதிய ஆர்டரைக் குறைத்தே எடுங்கள்.

வங்கி மேலாளரையும் இந்த மாதமே பாருங்கள். வரம்பு மீறல் 90 நாள் தொடர்ந்தால் கணக்கு வாராக் கடனாகிவிடும். அதற்கு முன்பே கடன் சீரமைப்புக் கேட்டு விண்ணப்பிக்க உங்களைப் போன்ற நிறுவனங்களுக்கு வழி இருக்கிறது.