கேள்வி–பதில்: மேசைமேல் மைசூர்ப் போர்

சிறு பொம்மைப் படைகளை மேசைமேல் நகர்த்திப் பழைய போர்களை ஆடுவதுதான் மினியேச்சர் வார்கேம். அதில் புதிய வரலாற்றுக் காலகட்டம் ஒன்றைத் தொடங்குவது பற்றி மலை வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: இரண்டாம் உலகப் போரை 28 மி.மீ. உயரப் பொம்மைகளில் ஆடுகிறேன். ஹைதர், திப்பு காலத்துப் போர்களுக்கு மாற ஆசை. ஊரில் எதிராளி என்று ஒருவரும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது? – வாசகர், குன்னூர்

எதிராளி இல்லாத ஊரில் இரண்டு படையையும் நீங்களேதான் சேர்க்க வேண்டும். அப்போதுதான் வருகிற விருந்தாளியைக்கூட மேசையில் உட்காரவைக்க முடியும். ஆகவே முதல் கணக்கு பணம் அல்ல, வண்ணம் தீட்டும் நேரம். கிழக்கிந்தியக் கம்பெனிப் பக்கம் 60 உருவம், மைசூர்ப் பக்கம் 80 உருவம் என்று வையுங்கள். 28 மி.மீ. உருவம் ஒன்றுக்கு 45 நிமிடம் என்றால் 105 மணி நேரம் ஆகும். 15 மி.மீ. என்றால் ஒன்றுக்கு 15 நிமிடம், மொத்தம் 35 மணி நேரம். குதிரைவீரனுக்கு இரட்டிப்பு நேரம் பிடிக்கும். மைசூர்ப் படையின் பலமே குதிரைதான் என்பதால் இந்தக் கணக்கு இன்னும் ஏறும். பாதியில் நின்றுபோகும் படைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் நிற்கின்றன. 15 மி.மீ. எடுங்கள்.

ஆனால் உடனே வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பொட்டலத்துக்குக் கூரியர், சுங்கம் எல்லாம் சேர்ந்தால் பொம்மையின் விலைக்குச் சமமாகிவிடும். தவறான அளவில் வாங்கினால் திருப்பி அனுப்பவும் வழியில்லை. அதனால் முதலில் கல்யாணப் பத்திரிகை அட்டையை 40 × 20 மி.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு துண்டு நான்கு காலாட்கள். நான்கு துண்டு ஒரு பட்டாலியன். குதிரைக்கு 40 × 30 மி.மீ., அதில் மூன்று பேர். நான்கு துண்டையும் பக்கம் பக்கமாக வைத்தால் 160 மி.மீ. அணிவரிசை, ஒன்றின் பின் ஒன்றாக வைத்தால் அணிவகுப்பு. களத்தில் ஒரு பட்டாலியன், அதாவது இரண்டு வரிசையாக நிற்கும் சுமார் 580 சிப்பாய்களின் முகப்பு ஏறக்குறைய 160 மீட்டர் இருக்கும். ஆக, மேசையில் ஒரு மில்லிமீட்டர் களத்தில் ஒரு மீட்டர். துப்பாக்கி பயன் தருவது 100 மீட்டருக்குள் என்பதால் உங்கள் அளவுகோலில் 10 செ.மீ. போதும். ஆறு பவுண்டு குண்டு எறியும் பீரங்கிக்கோ 60 செ.மீ. வேண்டும். 120 × 90 செ.மீ. மேசையில் அது பாதியை விழுங்கிவிடும். பீரங்கி எத்தனை வைக்கலாம் என்பதை இந்த அட்டை ஆட்டமே காட்டிக்கொடுக்கும். பக்கத்துக்கு ஒன்று போதும்.

இரண்டாம் உலகப் போர் விதிகளைத் திருத்தி இங்கே ஓட்டப் பார்க்காதீர்கள். அங்கே ஒரு டாங்கியும் ஒரு வீரனும் தனித்தனியாக முடிவெடுக்கிறார்கள். இங்கே கேள்வியே வேறு: வரிசை கலையாமல் நிற்குமா, சுடுவதற்கு முன் எவ்வளவு தூரம் நெருங்கலாம், காளைகள் இழுக்கும் பீரங்கி நேரத்துக்கு வந்துசேருமா. இந்த மூன்றுக்கும் விடை தராத விதித் தொகுப்பு இந்தக் காலத்துக்கு உதவாது. அட்டையிலேயே மூன்று ஆட்டம் முடியுங்கள். பிறகு பக்கத்துக்கு ஒரு காலாட்பிரிவு, ஆறு குதிரை, மைசூருக்கு ஒரு ராக்கெட் குழு என்று வாங்கி, அதைத் தீட்டி முடித்து, ஆடிவிட்டு அடுத்த பொட்டலத்துக்குப் போங்கள்.

1781 ஜூலை 1 பரங்கிப்பேட்டைப் போரை முதல் ஆட்டமாக வைக்க வேண்டாம். கம்பெனித் தளபதி அயர் கூட்டின் படையைவிட ஹைதரின் படை பல மடங்கு பெரியது. அதைச் சரிக்கட்ட அனுபவம் வேண்டும். காவல் படையோடு போகும் தானிய வண்டிகளை மைசூர்க் குதிரை மறிப்பது போன்ற சிறு களம் போதும். அந்தப் போர்களில் அடிக்கடி நடந்ததும் அதுதான்.

கேள்வி: ஜூலையில் ஸ்ப்ரே பிரைமர் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தேன். பொம்மை முழுதும் மணல்போல் சொரசொரப்பு. வார்னிஷும் வெள்ளை பூத்தது. – வாசகர், ஊட்டி

இரண்டுக்கும் காரணம் காற்றின் ஈரம். கேனிலிருந்து வெளிவரும் வாயு குளிர்ச்சியானது. பனிமூட்டத்தில் அந்தத் துளிகளோடு ஈரமும் சேர்ந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. மலிவாகக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை வாங்கி வையுங்கள். 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் கேனைத் தொடாதீர்கள். வெயில் வந்த நாளில் காலை 11 மணிக்கு மேல் 2 மணிக்குள், கேனைக் கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் வைத்து, இரண்டு நிமிடம் குலுக்கி, 20–25 செ.மீ. தூரத்திலிருந்து மெல்லிய வீச்சாக அடியுங்கள். அடுப்பிலோ கொதிநீரிலோ கேனைச் சூடாக்கக் கூடாது, வெடித்துவிடும். தென்மேற்குப் பருவத்தில் பிரஷ்ஷால் பூசும் அக்ரிலிக் பிரைமருக்கே மாறிவிடுங்கள். மெல்லியதாக இரண்டு பூச்சு போதும். வெள்ளை பூத்த வார்னிஷின் மேல் வெயில் நாளில் பளபளப்பு வார்னிஷ் மெல்லியதாக ஒரு பூச்சு கொடுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். அது நன்றாகக் காய்ந்த பிறகு பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடிக்கலாம்.

ஃபெவிக்விக் ஒட்டிய பொம்மையை உடனே டப்பாவில் மூடினாலும் இதேபோல் வெள்ளை படியும். ஒரு நாள் திறந்து வையுங்கள். பொம்மைகளைத் தாங்களே அச்சிட ரெசின் (திரவப் பிளாஸ்டிக்) பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: டிசம்பர், ஜனவரிக் குளிரில் ரெசின் தேன்போல் கெட்டியாகி, அடுக்குகள் பிடிக்காமல் உரிந்துவிடும். 25 டிகிரிக்குச் சூடேற்றிய பிறகே தொடங்குங்கள்.

கேள்வி: திப்புவின் காலாட்களுக்கு ஆளுக்கொரு நிறம் சொல்கிறார்கள். எதை நம்புவது? – வாசகர், கோத்தகிரி

ஒரே ஒரு சரியான நிறத்தைத் தேடித்தான் பலர் வருடக்கணக்கில் பிரஷ்ஷைத் தொடாமல் இருக்கிறார்கள். புலிவரி போட்ட பருத்திச் சட்டை திப்புவின் முறைசார்ந்த காலாட்களுக்குப் பொருந்தும். படை முழுக்க அதையே போடாதீர்கள். முறைசாராக் காலாட்களும் கூலிக்கு வந்த குதிரைவீரர்களும் அவரவர் சொந்த உடையில் வந்தவர்கள். துணிச்சாயம் வெளுக்கும் என்பதால் ஒரே பிரிவுக்குள்ளேயே இரண்டு மூன்று மங்கல் நிறம் கலந்தால்தான் இயல்பாக இருக்கும். 15 மி.மீ.யில் புலிவரியை அப்படியே வரைய வேண்டாம். மங்கிய ஊதாமேல் சாம்பல் வெள்ளையில் உடம்புக்கு ஐந்தாறு சிறு கீற்றுப் போட்டால் கண் தானாகப் புரிந்துகொள்ளும்.

கூடலூர் வழியாக மைசூருக்குப் போகும்போது ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் 1780 பொள்ளிலூர்ப் போரின் ஓவியத்தை நின்று பாருங்கள். அணிகளை எப்படி நிறுத்துவது, யானையும் பல்லக்கும் எங்கே வரும் என்பதற்கெல்லாம் அது பெரிய உதவி. ஆனால் பிற்காலத்தில் மீண்டும் தீட்டப்பட்ட ஓவியம் அது. நிறத்துக்கு அதைச் சாட்சியாக்க வேண்டாம். கம்பெனிச் சிப்பாய்க்குச் சிவப்புச் சட்டை, தொடைவரை வெள்ளைக் கால்சட்டை, வெறுங்கால், தலைப்பாகை. சட்டையின் கழுத்துப் பட்டை நிறம் பட்டாலியனுக்குப் பட்டாலியன் மாறும்.

கேள்வி: கம்பெனியை எதிர்த்த எங்கள் மலையடிவாரத்துப் பாளையக்காரர் விருப்பாட்சி கோபால நாயக்கர் காலத்தை ஆட முடியுமா? – வாசகர், கொடைக்கானல்

தாராளமாக. 1799 முதல் 1801 வரையிலான பாளையக்காரர் போர்கள் சிறு குழு ஆட்டத்துக்கு அருமையாகப் பொருந்தும். இங்கே 28 மி.மீ.தான் சரி. பக்கத்துக்கு 20 பேர், ஒவ்வொருவருக்கும் 25 மி.மீ. தனி பேஸ் (அடித்தட்டு). பாளையக்காரர் வீரர் என்றே அச்சாகி விற்கும் உருவம் கிடைப்பது அரிது. தலைப்பாகையும் வேட்டியும் கட்டிய, திரித்துப்பாக்கி ஏந்திய இந்திய உருவங்களை வாங்கிப் பாதிப்பேருக்கு ஈட்டி பிடிக்கும்படி கையை மாற்றுங்கள். பொம்மையோடு வார்த்த ஈட்டி வளைந்து ஒடியும். கையில் 0.8 மி.மீ. துளையிட்டு அதே கனக் கம்பியைச் செருகுங்கள். 18 அடி நீள ஈட்டி இந்த அளவில் 9 செ.மீ. வரும். அவ்வளவு நீளம் தூக்கினால் உருவம் கவிழும், பேஸுக்கு அடியில் ஒரு இரும்பு வாஷர் ஒட்டுங்கள். வளைந்த எறி ஆயுதமான வளரியை மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் வெட்டலாம்.

முள்வேலிக்குத் தேங்காய் நாரைக் கீற்றாக வெட்டிப் பசையில் நனைத்துப் பழுப்பு அடித்தால் போதும். காட்டுத் தரைக்கு டீ வடிகட்டியில் மிஞ்சும் சக்கையைவிட நல்ல சருகு கிடையாது. ஆனால் வாணலியில் சிறு தீயில் கையில் நொறுங்கும்வரை வறுத்துத்தான் தூவ வேண்டும். ஈரம் கொஞ்சம் நின்றாலும் இந்த மலைக்காற்றில் வார்னிஷுக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி: தெர்மாகோல் குன்று ஸ்ப்ரே பட்டதும் கரைந்து குழியாகிவிட்டது. ஏன்? – வாசகர், கூடலூர்

ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். முதலில் ஃபெவிக்காலும் சுவர் எமல்ஷனும் சரிபாதி கலந்து இரண்டு பூச்சு, விளிம்பிலும் அடியிலும் விடாமல் பூசி ஒரு நாள் காயவிடுங்கள். ஊசிமுனை அளவு ஓட்டை விட்டாலும் அங்கே குழி விழும்.